பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீடு பெரிசாகிவிடுகிறது: தனியாக இருக்க எப்படிப் பழகுவது?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

வணக்கம். வயது 54. மகள் ரொறன்ரோவுக்குப் போய்விட்டா. வெள்ளவத்தையில இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில தனியா இருக்கிறன். அவவிட்டப் போய் இருக்க விருப்பமில்லை, இந்த வீட்டிலேயே நிம்மதியா இருக்கவேணும். பகலில வேலை, பிரச்சினை இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததில இருந்து படுக்கும்வரைதான் சிக்கல். ரிவி ஓடிக்கொண்டே இருக்கும், ஒண்டும் மனதில ஏறாது. சமைக்க மனம் வராமல் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். "கோயிலுக்குப் போங்கோ, ஆக்களோட பழகுங்கோ" எண்டு பொதுவாச் சொல்லாமல், எதை முதல் செய்யவேணும், எப்பிடிச் செய்யவேணும் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

அலைகரை எழுதியது:

அக்கா, முதல் பயத்தை எடுங்கோ. தனிமை எண்டு சொல்லுறதில பாதி பயம்தான். கதவு பூட்டினதோ, காஸ் மூடினதோ எண்டு மனம் காவல் இருந்தால் பாட்டும் கேட்கேலாது, புத்தகமும் வாசிக்கேலாது.

வாடகை வீடெண்டால் முந்தி இருந்தவை எத்தினை திறப்பு வெட்டினவை எண்டு ஆருக்கும் தெரியாது. முழுப் பூட்டையும் மாத்தத் தேவையில்லை. உள்ளுக்கு இருக்கிற சிலிண்டரை மட்டும் மாத்தலாம், வீட்டுக்காரரிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. கதவுச் சங்கிலி போடேக்க, பெட்டிக்குள்ள வாற கட்டை ஸ்குரூவாலேயே பூட்டிப்போட்டுப் போயிடுவினம். அது ஓங்கி ஒரு தள்ளுத் தள்ள நிலையோட பிடுங்கிக்கொண்டு வந்திடும். இரண்டு அங்குல ஸ்குரூ போடச் சொல்லிக் கேளுங்கோ. கடலுக்குக் கிட்ட இருக்கிறபடியால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பை உப்புக்காத்து கறளாக்கிப்போடும்.

அடுத்தது குளியலறை. கதவு உள்ளுக்குத் திறக்கிற மாதிரி இருந்தால், விழுந்த ஆளின்ர உடம்பே கதவை அடைச்சுப்போடும். தனியா இருக்கேக்க உள்ளுக்குப் பூட்டாதேங்கோ. போனைக் கொண்டுபோய் நிலத்தில இருந்தே கை எட்டுற இடத்தில, தண்ணி படாமல் வையுங்கோ. மேல் தட்டில வைச்சால் விழுந்த பிறகு எட்டாது.

ஒரு திறப்பு, நடந்து வரக்கூடிய தூரத்தில இருக்கிற ஒருவரிட்ட இருக்கவேணும். அவவோட நேரம் பேசி முடிவெடுங்கோ: காலமை 8 மணிக்கு வாட்ஸ்அப்பில ஒரு செய்தி, 9 மணிவரை வராட்டில் அவ போன் எடுக்கவேணும், நீங்கள் பேசாட்டில் 9.30க்குத் திறப்போட வரவேணும். "செய்தி வராட்டில் ஒருக்காப் பாருங்கோ" எண்டு மட்டும் சொன்னால், வீணாத் தொந்தரவு குடுக்கிறமோ எண்டு யோசிச்சு நல்ல மனுசரும் மத்தியானம்வரை இருந்திடுவினம். நேரம் குறிச்சிருந்தால் யோசிக்க ஒண்டுமில்லை.

இதில பலரும் விடுகிற பிழை: உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தத் திறப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரவில சங்கிலி, தாழ்ப்பாள் எல்லாம் போடுங்கோ. விடிய எழும்பினதும் முதல் வேலையா இரண்டையும் எடுத்துவிடுங்கோ, அதுக்குப் பிறகு குளிக்கப் போங்கோ.

1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். இவையோட உங்கட ஒழுங்கை, வீட்டு இலக்கம், எத்தினையாம் மாடி, பக்கத்து அடையாளம் எல்லாத்தையும் சிங்களத்திலயும் எழுதிக் கதவுக்குப் பின்னால ஒட்டுங்கோ. பதட்டத்தில தெரிஞ்ச சிங்களமும் வாய்க்கு வராது.

அரைச்சுண்டு எழுதியது:

பிஸ்கற் சாப்பாட்டுக்குக் காரணம் சோம்பல் இல்லை அக்கா. நாலு பேருக்குச் சமைச்ச கைக்கு ஒருவருக்கான அளவு தெரியாது. மிஞ்சும், மூண்டு நாள் அதையே சாப்பிடவேணும், பிறகு அடுப்பே வெறுத்துப்போகும்.

அரைச் சுண்டு (அரிசி அளக்கிற சின்னப் பேணியால அரை) அரிசி இரவுக்கும் அடுத்த நாள் மத்தியானப் பார்சலுக்கும் காணும். பெரிய ரைஸ் குக்கரில இதைப் போட்டால் தண்ணி அடியில மெல்லிசாப் பரவி, அரிசி அவிய முதல் வத்திப்போகும், சுவிட்ச் விழுந்திடும், நடு அரிசி கடினமா இருக்கும். 0.6 லீற்றர் சின்னக் குக்கர் வாங்குங்கோ, இல்லாட்டில் சட்டியில வடிச்சுப்போடுங்கோ. பார்சலுக்கான சோத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜில வையுங்கோ. எங்கட வெக்கைக்கு வெளியில விடக்கூடாது.

மைசூர்ப் பருப்பு 100 கிராம், மஞ்சள் மட்டும் போட்டு அவிச்சு மூண்டாப் பிரியுங்கோ. தேங்காய்ப்பாலும் தாளிதமும் சாப்பிடுற அண்டைக்குத்தான். பால் விட்டு வைச்ச பருப்பு கெதியாப் பழுதாகும்.

தேங்காய்தான் ஒருவருக்குச் சமைக்கிறவையின்ர பெரிய தலையிடி. ஒரு தேங்காயை முழுக்கத் திருவி, நாலு சின்னப் பைக்குள்ள போட்டு, காத்தை வெளியேத்தி, ரொட்டி மாதிரித் தட்டையா அமத்தி பிரீசரில வையுங்கோ. உருண்டையா வைச்சால் உடைக்கேலாது. ஒரு துண்டுக்காக முழுசையும் இளக்கி, மிச்சத்தைத் திரும்ப உறைய வைச்சுப் பழுதாக்குவீங்கள். பாலாப் பிழிஞ்சு உறைய வைக்காதேங்கோ, இளகேக்க கொழுப்புப் பிரிஞ்சு திரியும். ஒரு பைத் தேங்காய்ப்பூவை ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியோட மிக்சியில அடிச்சால் ஒருவருக்கான சொதிக்குப் பால் கிடைக்கும். பால் விட்ட பிறகு கொதிக்க விடாதேங்கோ, நுரை கட்டினதும் இறக்கி, பிறகுதான் தேசிக்காய்.

அலுப்பான நாளுக்கு, கடையில வாங்கின இடியப்பம் ஐஞ்சு, இந்தச் சொதி, ஒரு அவிச்ச முட்டை. கால் மணித்தியாலத்தில சாப்பாடு. கோப்பையில போட்டு, மேசையில இருந்து சாப்பிடுங்கோ. குசினியில நிண்டபடி சட்டியில இருந்து சாப்பிட்டால் வயிறு நிரம்பும், சாப்பிட்ட எண்ணம் வராது.

நூலகத்துப்படி எழுதியது:

முதல் இரண்டு பதிலும் சரி. பின்னேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலையால் வந்து கதிரையில் இருந்தீர்கள் என்றால் அந்தப் பின்னேரம் போய்விட்டது, அங்கிருந்து எழும்புவது மிகக் கஷ்டம். வந்ததும் உடுப்பு மாற்றி, அரிசி கழுவி வைத்து, ஹோல் லைற்றைப் போட்டுவிட்டு வெளியே இறங்குங்கள். சின்ன எல்.ஈ.டி. பல்பு போதும். இருண்ட வீட்டைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம் மனதை நன்றாகவே அமுக்கும். மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் இருபது நிமிடம் நடந்து திரும்பினால் நாற்பது நிமிடம். கொழும்பில் ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும், ஆகவே ஐந்தரைக்கே புறப்படுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியும் மழையும் வரும். அந்த மாதங்களுக்கு நடையைக் காலைக்கு மாற்றி, பின்னேரத்துக்கு வெள்ளவத்தையிலேயே இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழையால் நின்றுபோன பழக்கம் திரும்பத் தொடங்குவதில்லை.

இரவு ஏழு மணிக்குப் பிறகு தினமும் இருபது நிமிடம் ரிவி, போன் இரண்டும் இல்லாமல் இருந்து பாருங்கள். வெறுமனே இருக்கச் சொல்லவில்லை, கைக்கு வேலை வேண்டும். ஒரே நாளில் முடியாத வேலையாக எடுங்கள்: குரோஷே, பழைய சேலையில் தையல், சிங்கள எழுத்துப் பழகுவது. வரிசையின் நடுவில், அடுத்த தையல் எங்கே என்று தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முடித்து மூடி வைத்தால் நாளைக்குப் புதிதாகத் தொடங்க மனம் தேடவேண்டும். பாதியில் நிற்கும் வேலை தானே கூப்பிடும். தொடக்கத்தில் பத்து நிமிடத்திலேயே எழும்பிப் போனைப் பார்க்கத் தோன்றும், அது வழமை. வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மணித்தியாலம் வந்ததும் நிறுத்தலாம், அதற்கு மேல் இழுக்கத் தேவையில்லை.

மகளின் அறையைப் பூட்டி வைக்காதீர்கள். இந்த வேலையை அங்கேயே கொண்டுபோய் வையுங்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் லைற் எரியும் அறை வெறும் அறையாக இருக்காது.

ரொறன்ரோ அழைப்புக்கு நாள் குறியுங்கள், வாரம் இரண்டு. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே கோடையில் பின்னேரம் ஐந்தரை, நவம்பருக்குப் பிறகு ஆறரை. உங்களுக்குக் கஷ்டமான நேரமும் அதுதான், அவ வேலைக்குப் புறப்படும் நேரமும் அதுதான். அரைமணித்தியாலம் தாராளம், ஐந்தரை அழைப்பு என்றால் நடந்துகொண்டே பேசலாம். தினமும் எப்போது வரும் என்று காத்திருப்பது தனிமையை விட மோசம்.

மல்லிகைப்பந்தல்:

ஸ்குரூவும் தேங்காயும் நாளைக்கே. ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி லீவு) என்ன செய்யிறது? லீவு நாள் இன்னும் நீளம்.

நூலகத்துப்படி:

லீவு நாளில் காலை பத்து மணிக்குள் வீட்டை விட்டு இறங்கும் ஒரு வேலை வையுங்கள். சந்தை, கதிரேசன் கோயில், விகாரமகாதேவிப் பூங்கா, எதுவென்றாலும் முதல் நாள் இரவே தீர்மானியுங்கள், காலையில் யோசித்தால் போகமாட்டீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிக் கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகளும் பல நாள் பூட்டு. பத்தாம் திகதிக்கு முன்னம் காஸ், மருந்து, மரக்கறி எல்லாம் வீட்டில் இருக்கவேணும். திறப்பு வைத்திருப்பவ ஊருக்குப் போகிறாவா என்றும் கேளுங்கள். போனால் அந்த நாட்களுக்கு வேறொருவரிடம் கொடுங்கள்.

அலைகரை:

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். இதெல்லாம் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை, பிடிச்சதிலயும் மனம் போகேல்லை எண்டால் அது பழக்கத்தால சரிவாற விசயம் இல்லை. 1926 தேசிய மனநல நிறுவனத்தின்ர உதவி இலக்கம். எடுத்துக் கதையுங்கோ, தள்ளிப்போடாதேங்கோ.