டாக்கிங்: ‘இணைப்பு’ போதுமா, ‘பூட்டல்’ வேண்டுமா?

அன்புடையீர், வணக்கம்.

விண்வெளியில் இரு கலங்கள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று பொருந்திக்கொள்வதை ஆங்கிலத்தில் டாக்கிங் என்கிறார்கள். நாளிதழ்கள் எழுதுவதுபோல அதற்குத் தமிழில் ‘இணைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலக்கோட்டில் ஒன்பதாம் வகுப்பில் இஸ்ரோவின் டாக்கிங் சோதனையான ஸ்பேடெக்ஸ் பற்றிப் பேசியபோது, “இரண்டு செயற்கைக்கோள்களுக்கும் இணைப்பு ஏற்பட்டது” என்று சொன்னேன், “சிக்னல் கிடைச்சுதா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மின்னிணைப்பு, குடிநீர் இணைப்பு, இணைய இணைப்பு என்று ஏற்கெனவே மூட்டை சுமக்கும் சொல்லின் தலையில் இன்னொன்றையும் ஏற்றினால் வேறென்ன கேட்பாள்?

2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் ஏற்றிச்சென்ற, தலா 220 கிலோ அளவு எடையுள்ள இரு கலங்களும், இருமுறை தள்ளிப்போன பிறகு, 2025 ஜனவரி 16 அன்று ஒன்றுசேர்ந்தன. 15 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்து நின்று, பிறகு மெல்ல நெருங்கி, ஒன்றையொன்று பற்றி, உள்ளிழுத்து, அசையாதபடி இறுக்கிக்கொண்டன. காளையை நுகத்தடிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, பூட்டாங்கயிற்றைக் கழுத்தில் சுற்றி முடிச்சிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. ஜனவரி 12 அன்று 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டுக் கலங்கள் விலகிக்கொண்டன. நுகத்துக்குப் புதிதாகப் பழக்கும் காளையும் அப்படித்தான். ஆகவே என் பரிந்துரை ‘பூட்டல்’.

மற்றவற்றையும் எண்ணிப் பார்த்தேன். கப்பல் வழக்கை ஒட்டிய ‘அணைதல்’ அழகானதுதான், ஆனால் “கலம் அணைந்தது” என்றால் விளக்கு அணைந்ததுபோல ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் டிராக்டரில் டிரெய்லரை ‘மாட்டுகிறோம்’; “இஸ்ரோவின் கலங்கள் மாட்டிக்கொண்டன” என்று தலைப்பு வந்தால் ஊரே பதறும். ‘கைகோத்தல்’ செய்திக்கு நன்று, பாடநூலுக்குப் போதாது.

பூட்டு என்றால் கதவுப் பூட்டுதானே நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஏர் பூட்டினான், வண்டி பூட்டினான் என்னும்போது யாரும் சாவியைத் தேடுவதில்லை. சூழல் பொருளைத் தந்துவிடுகிறது. உவமை ஓரிடத்தில் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடும் வண்டியும் வெவ்வேறு, ஸ்பேடெக்ஸின் இரு முனைகளோ ஒரே அமைப்புடையவை, எது எதையும் பற்றலாம். இருந்தும் இச்சொல்லை நான் விடாததற்குக் காரணம், இதிலிருந்து பிற சொற்கள் எளிதாகக் கிளைக்கின்றன என்பதே. கலங்கள் சேரும் முகப்பு ‘பூட்டுவாய்’. 2025 மார்ச் 13 அன்று அவை பிரிந்ததை ‘அவிழ்ப்பு’ என்றுவிடலாம். பூட்டியதை அவிழ்ப்பதுதானே வழக்கம்.

ஒரு சோதனையோடு முடிகிற வேலையாக இருந்தால் டாக்கிங் என்றே எழுதிவிட்டுப் போகலாம். அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவதாக இதைச் செய்த இந்தியாவின் அடுத்த திட்டங்கள் இதை நம்பியே நிற்கின்றன. நிலவின் மண்ணை எடுத்துவரத் திட்டமிடும் சந்திரயான்-4, இரண்டு எல்.வி.எம்.3 ராக்கெட்டுகளில் பகுதிபகுதியாகச் சென்று புவியைச் சுற்றும் பாதையில் பூட்டப்பட வேண்டும். மண்ணோடு மேலெழும் பகுதி நிலவைச் சுற்றும் பாதையில் மீண்டும் பூட்டப்பட வேண்டும். 2035-க்குள் முடிக்க எண்ணியுள்ள இந்திய விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையமும், 2028-இல் முதல் பகுதி ஏவப்பட்டால், அடுத்தடுத்த பகுதிகள் வந்து பூட்டப்பட்டே வளரும்.

இன்னொன்று தீராமல் நிற்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வரும் சிக்னஸ் சரக்குக் கலம் தானாக வந்து பூட்டிக்கொள்வதில்லை. நிலையத்தின் எந்திரக் கை அதைப் பிடித்து முகப்பில் பொருத்துகிறது. பெர்த்திங் எனப்படும் அதற்கு ‘கைப்பற்றல்’ என்றால் போர்ச்செய்தி ஆகிறது, ‘கரம்பற்றல்’ என்றால் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.