மறு: ஹஸ்பண்ட்ரி இன்டர்ன், எக்ஸ்டர்ன் - கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> மூன்றுக்கும் தமிழ் வேண்டும்: ஹஸ்பண்ட்ரி இன்டர்ன்ஷிப், வெட்டரினரி எக்ஸ்டர்ன்ஷிப், வெட்டரினரி இன்டர்ன்ஷிப். கடல் பாலூட்டி மீட்பு மையங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கான கையேட்டில் இவை வரும்.

தம்பி, இதில் முதலாவதும் மூன்றாவதும் பெயரில்தான் சொந்தக்காரர்கள். வேலையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலாவது, உயிரியலோ விலங்கியலோ படிக்கும் இளநிலை மாணவர் இரண்டு மூன்று மாதம் வந்து செய்வது. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மூன்றாவது, பட்டம் முடித்து உரிமமும் வாங்கிய டாக்டர் ஓராண்டு முழுநேரமாகச் செய்வது. நடுவில் இருக்கும் எக்ஸ்டர்ன், படிப்பின் கடைசிக் கட்டத்தில் உள்ள கால்நடை மருத்துவ மாணவர். தன் கல்லூரிக்கு வெளியே வேறொரு மருத்துவமனையில் சில வாரம் கற்றுக்கொண்டு போகிறவர். மூவரையும் 'உள்ளகப் பயிற்சி' என்ற ஒரே பெயரில் அடைத்தால், ஊசி போடக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வரும் இளநிலை மாணவர் முதல் நாளே வாளி கழுவிக்கொண்டு நிற்பார். யாருடைய கை எது வரை போகலாம் என்பதை வைத்தே பெயர் வைப்போம் என்பது என் கட்சி.

> ஹஸ்பண்ட்ரி என்றால் வளர்ப்பு. 'கால்நடை வளர்ப்பு' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, ஆடு மாடு கோழிக்கு அது சரி. வளர்ப்பு என்றால் நம் பயனுக்காக நம்மோடு வைத்துக்கொள்வது. மீட்பு மையத்துக்கு வரும் கடல்நாய்க் குட்டியின் கதை நேரெதிர். தாயைப் பிரிந்து எலும்பும் தோலுமாக வரும். முதலில் குழாய் வழியாகப் பால்கூழ் ஊட்டி, அப்புறம் மீனைத் தானே துரத்திப் பிடிக்கும் அளவுக்குத் தேற்றி, துடுப்பில் அடையாள வில்லை மாட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். அதுவரை மனிதரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. கூண்டருகே அரட்டை கிடையாது, கொஞ்சல் கிடையாது. உள்ளே போகிறவர் கைப்பிடி வைத்த ஒட்டுப்பலகையை முன்னால் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். கடிபடாமலும் இருக்கலாம், குட்டியை வேண்டிய பக்கம் ஒதுக்கவும் செய்யலாம். இதைப் போய் வளர்ப்பு என்றால் மாணவர் செல்லப்பிராணி நினைப்போடு வந்து சேர்வார்.

> பராமரிப்பு போதாதா?

பாதி தூரம் வரும். ஆனால் சாலை, லிஃப்ட், கட்டடம் எல்லாவற்றுக்கும் பராமரிப்புதான். தவிர, இந்த மையங்களில் தொட்டியின் பம்பு, வடிகட்டி எல்லாம் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. 'பராமரிப்புப் பிரிவு' என்று கையேட்டில் போட்டால் மாணவர் அவர்களிடம் போய் நிற்பார்.

நான் முன்வைப்பது 'பேணுகை'. உடலைப் பேணுவது, நோயாளியைப் பேணுவது என்று அந்த வினை இன்றும் புழங்குகிறது. சொந்தமாக்கிக்கொள்ளும் வாடை அதில் இல்லை. அதற்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்று பார்த்தால், சொல் தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும்.

மாணவரின் நாளில் பெரும்பகுதி மீன் அறையில் போகும். உறைந்த ஹெர்ரிங் பெட்டியை முந்தைய நாளே குளிர்பெட்டிக்கு மாற்றி மெதுவாக இளகவிட வேண்டும். அவசரத்துக்கு வெளியே வைத்தால் கிருமி பெருகும். இளகிய மீனை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்: கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் நிறம் மாறியிருக்கிறதா, வயிறு வெடித்திருக்கிறதா என்று. சந்தேகமானது கழிவுக்குப் போகும். மிச்சத்தை அந்தந்த விலங்குக்கு உரிய வாளியில் எடை போட்டு இட்டு, ஒரு மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருக வேண்டும். மாணவர்கள் அசட்டையாக இருப்பது இந்த இடத்தில்தான். ஹெர்ரிங் போன்ற மீன்களில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. மீன் உறைந்து கிடக்கும் காலத்திலும் அது தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, சிதைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை இல்லாமல் அதையே நாள்கணக்கில் கொடுத்தால் நரம்புக் கோளாறில் கொண்டுபோய் விடும். பரவலாகப் பின்பற்றும் அளவு, கிலோ மீனுக்கு 25 மில்லிகிராம் தயமின். மாத்திரை நழுவி வடிகாலில் போனால் அதையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம், கழிவு எப்படி, சுறுசுறுப்பு எப்படி, எல்லாம் எழுத வேண்டும். டாக்டர் காலையில் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். இத்தனையும் 'பேணுகை'யில் அடங்குகிறது. 'வளர்ப்பு' இதில் பாதியை வெளியே விட்டுவிடும்.

சொல் கொஞ்சம் மேடைத்தமிழாகத் தெரிந்தால் 'பேணல்' என்று சுருக்கிக்கொள்ளலாம். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

> ஹஸ்பண்ட்ரி பிஹேவியர் = பேணுகை நடத்தை?

அக்கா, இதில் மட்டும் நான் வேறு பக்கம். கடலுக்குத் திரும்ப முடியாமல் மையத்திலேயே தங்கிவிட்ட கடற்சிங்கமோ ஓங்கிலோ (டால்பின்) உண்டு. பரிசோதனைக்குத் தானாகவே உடலைக் காட்டும்படி அவற்றைப் பழக்குவதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். கடற்சிங்கம் துடுப்பை நீட்டி அசையாமல் படுத்துக்கொடுக்கும். ஓங்கில் வாலைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொடுக்கும். வால்துடுப்பின் நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். யாரும் அழுத்திப் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும், அதற்குத் தண்டனை கிடையாது. அந்தச் சம்மதம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதால் 'ஒத்துழைப்புப் பழக்கம்' என்பேன்.

அடுத்து எக்ஸ்டர்ன். 'வெளியகப் பயிற்சி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் உள்ளே வெளியே என்று ஜோடி இருப்பதால் நாமும் ஜோடி செய்ய வேண்டியதில்லை. அவர் வெளியிலிருந்து வருகிறவர், கற்றுக்கொண்டு போகிறவர். 'மருத்துவ வருகைப் பயிற்சி' போதும். அவர் கைக்கு ஊசி வரும், ஆனால் பக்கத்தில் டாக்டர் நிற்பார். கடல்நாய்க்கு இடுப்புப் பக்கம், முதுகெலும்புக் குழாய்க்குள் ஓடும் பெரிய சிரையிலிருந்துதான் வழக்கமாக ரத்தம் எடுப்பார்கள். நாயிலும் பூனையிலும் பழகிய கைக்கு முதலில் தடுமாற்றமாகத்தான் இருக்கும். மயக்கம் கொடுக்கும்போது இன்னும் மோசம். நீரில் மூழ்கும்போது செய்வதுபோலவே மூச்சை நிறுத்தி இதயத் துடிப்பையும் குறைத்துக்கொள்ளும் இயல்பு இவற்றுக்கு உண்டு. அதனால் மூச்சுக்குழாயில் குழாய் இட்டு, மூச்சையும் துடிப்பையும் கணக்கு வைத்துக்கொண்டே ஒருவர் நிற்க வேண்டும். அந்த இடத்தில் எக்ஸ்டர்னை நிறுத்துவார்கள்.

மூன்றாமவர் 'பயிற்சி மருத்துவர்'. செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சொல். படிப்பை முடித்தவர் என்பது சொல்லாமலே விளங்கும். முடிவெடுக்கும் பொறுப்பு இவரிடம்தான் தொடங்குகிறது. 1998-இல் கலிபோர்னியக் கரையில் 400-க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் இறந்தன. கடலில் பெருகிய நுண்பாசி உண்டாக்கிய டொமாயிக் அமிலம் நெத்திலி வழியாக அவற்றின் உடலுக்குள் போயிருந்தது. இன்றும் வலிப்போடு ஒரு கடற்சிங்கம் வந்தால் அந்த நஞ்சா, தலையில் அடியா, வேறு நோயா என்று பிரிக்க வேண்டும். வலிப்பை அடக்கும் மருந்து எவ்வளவு, அது மறுபடி கடலில் பிழைக்குமா, இல்லை வலியில்லாமல் முடித்துவைப்பதா என்பதெல்லாம் மூத்த மருத்துவரோடு உட்கார்ந்து இவர் பேச வேண்டியவை. இவரையும் மீன் எடை போடும் மாணவரையும் ஒரே சொல்லால் அழைப்பது இருவருக்குமே நியாயம் இல்லை.

> காலும் இல்லை, நடையும் இல்லை. திமிங்கலத்துக்குக் கால்நடை மருத்துவரா?

சிரித்துவிட்டேன். கையேடு முழுக்க 'விலங்கு மருத்துவர்' என்று போடுங்கள். படிப்பையும் பட்டத்தையும் குறிக்கும் இடத்தில் மட்டும் கால்நடை மருத்துவம் அப்படியே இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரை நாம் மாற்ற முடியாது.

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்று. சொற்பட்டியலில் 'கடல்நாய் விரல்' என்று ஒரு பதிவு சேர்த்துவிடுங்கள். கடல்நாய் கடித்தாலோ, கீறல் உள்ள கையால் அதைத் தொட்டாலோ சில நாளில் விரல் வீங்கி விண்விண்ணென்று தெறிக்கும். மைக்கோபிளாஸ்மா வகை நுண்ணுயிரின் வேலை. பென்சிலினுக்கு மசியாது, டெட்ராசைக்ளின் வகைக்குத்தான் அடங்கும். சாதாரண மருத்துவமனையில் இதைப் பார்த்த டாக்டர்கள் அரிது. 'கடல்நாய்களோடு வேலை செய்தேன்' என்று மாணவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூட்டு வரை போய் விரல் மடங்காமலே போகலாம். கையுறை பற்றிய பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போடலாம்.

ஆக என் ஓட்டு: பேணுகைப் பயிற்சி, மருத்துவ வருகைப் பயிற்சி, பயிற்சி மருத்துவர் பணி. 'ஸ்ட்ராண்டிங்'குக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், செய்தித்தாளின் 'கரையொதுங்கல்' நன்றாக நிற்கிறது. ஆனால் உயிரோடு ஒதுங்கியதா, பிணமாகவா என்பது அதில் தெரியாது. கள ஆய்வுப் படிவங்களில் உயிருள்ளது, புதிதாக இறந்தது, அழுகத் தொடங்கியது, முற்றிலும் அழுகியது, உலர்ந்தோ எலும்பாகவோ எஞ்சியது என்று 1 முதல் 5 வரை குறியிடுவார்கள். இந்த ஐந்துக்கும் ஒரே சொல்லில் அடங்கும் பெயர்கள் வேண்டும். யாராவது தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன்.