வன்னியில் நீர் ரொக்கெட் குழு: ஊருக்கு இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்து எப்படி நடத்துவது?

மல்லாவி_விஞ்ஞானம்:
வணக்கம். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், விசுவமடு என்று நாலு இடங்களில் ரொக்கெட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தரம் 6 முதல் 10 வரை. ஓரிடத்தில் இரண்டு பேர், இன்னோரிடத்தில் நாலு பேர். கழகம் தொடங்க ஆள் காணாது, மாதாமாதம் ஓரிடத்துக்குக் கூப்பிட பஸ்ஸும் இல்லை. அவரவர் ஊரிலேயே செய்து ஏவி, முடிவுகளை ஒரு வட்ஸ்அப் குழுவில் பகிர வைக்கலாம் என்று யோசிக்கிறேன். வெடிமருந்து மோட்டர் இல்லை, சோடாப் போத்தல் நீர் ரொக்கெட் (போத்தலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பம்மால் காற்று அடைத்து ஏவுவது) மட்டும்தான். எல்லா ஊரிலும் ஒரே மாதிரிச் செய்யக்கூடிய ஏவுதளம் எது? உயரத்தை எப்படி அளப்பது? இரண்டு கிழமையில் குழு தூங்கிப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கம்மாலை_புதுக்குடியிருப்பு:
மருந்தை விட்டது சரியான முடிவு. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கு. பட்டாசைப் பிரிச்சு மருந்து எடுக்கிற கதையே குழுவுக்குள்ள வரக்கூடாது எண்டு முதல் நாளே எழுதிப் போடுங்கோ.

ஏவுதளத்துக்கு வருவம். கோர்க்கில வால்வைச் செருகி, அமுக்கம் கூடினதும் தானாகக் கழருற முறை சுகம்தான். ஆனால் ஒருக்கா 20 பிஎஸ்ஐயில (பம் மீற்றர் காட்டுற அமுக்க அளவு) கழரும், இன்னொருக்கா 45இல கழரும். அப்ப ஒரு ஊர் உயரத்தை மற்ற ஊரோட ஒப்பிட ஏலாது. கயிறு இழுத்து விடுவிக்கிற கேபிள் ரை (வயர் கட்டுற பிளாஸ்ரிக் பட்டி) முறையைச் செய்யுங்கோ.

அரை இஞ்சி எஸ்லோன் (பிவிசி) பைப் 30 சென்ரிமீற்றர் எடுங்கோ, போத்தல் தலைகீழாக இதில செருகி நிக்கும். சோடாப் போத்தல் கழுத்தின் உள்விட்டம் கிட்டத்தட்ட 21.5 மில்லிமீற்றர். பைப் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். கழுத்து வந்து நிக்கிற இடத்தில ஒரு ஓ-ரிங் (றப்பர் வளையம்) போட்டு, அது நழுவாமல் மேலும் கீழும் இன்சுலேசன் ரேப் சுத்துங்கோ. பைப்பின்ர மேல்நுனி தண்ணி மட்டத்துக்கு மேல நிக்கவேணும், இல்லாட்டித் தண்ணி முழுக்கக் குழாய்க்குள்ள இறங்கிடும். 500 மில்லிலீற்றர் தண்ணிக்கு, போத்தலுக்குள்ள 20 சென்ரிமீற்றர் பைப் போனால் போதும்.

கழுத்தில இருக்கிற பிளாஸ்ரிக் வளையத்தைப் பிடிக்கத்தான் கேபிள் ரை. 12 முதல் 16 வரை, பைப்பைச் சுத்தி நெருக்கமாக நிப்பாட்டி, வால்களை ஹோஸ் கிளிப்பால இறுக்கவேணும். தலைகள் எல்லாம் உள்பக்கம் பார்த்து, வளையத்துக்கு மேல கொழுவவேணும். அதுக்கு மேலால சறுக்குற அளவில பெரிய பைப் துண்டொண்டைப் போட்டு, ரெண்டு பக்கமும் துளைச்சுக் கயிறு கட்டுங்கோ. கயிறைக் கீழ இழுத்தால் தலைகள் விரியும், போத்தல் போகும்.

ஒண்டைக் கட்டாயம் கவனியுங்கோ. எஸ்லோன் பைப்பில எழுதியிருக்கிற அமுக்கம் தண்ணிக்கு. காத்து அடைச்ச பைப் உடைஞ்சால் சில்லுச் சில்லாய்ச் சிதறும். அதால பைப் அந்த 30 சென்ரிமீற்றரோட நிக்கட்டும். அங்கயிருந்து பம் வரைக்கும் 5 மீற்றருக்கு வயலில மருந்தடிக்கிற மெசினின்ர குழாய் போடுங்கோ, அது இதைவிடப் பெரிய அமுக்கம் தாங்கும். மறு நுனியில பழைய மோட்டார் சைக்கிள் ரியூபில வெட்டின வால்வைச் செருகி ஹோஸ் கிளிப் போட்டால் சரி. மருந்து ஓடின குழாய் வேண்டாம், புதுசாக வெட்டி வாங்குங்கோ. பம் மீற்றர் பூட்டினதாக இருக்கவேணும்.

நெடுங்கேணி_பௌதிகம்:
ஏவுதளம் சொல்லியாகிவிட்டது. ரொக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம்.

1.5 லீற்றர் சோடாப் போத்தல்தான் வேண்டும். குடிநீர்ப் போத்தல் மெல்லியது, அமுக்கம் தாங்காது. பிள்ளைகளுக்கு 50 பிஎஸ்ஐ மேல் எல்லை, அதற்கு மேல் யாரும் போகக்கூடாது. மடிப்பு விழுந்த, வெள்ளைக் கோடு தெரிகிற, வெயிலில் கிடந்த போத்தலைக் கழித்துவிடுங்கள். செட்டை ஒட்டும்போதுதான் அதிகம் பிழைக்கும். சுப்பர் குளூ போத்தல் பிளாஸ்ரிக்கை நொறுங்கும் தன்மையாக்கும், சூட்டுப் பசை அதை இளக்கி நெளியவைக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் சுவர் மெலியும். அகலமான பொதி ரேப் போதும். பழைய பைல் மட்டையில் மூன்று செட்டை வெட்டி, அடிப்பக்கத்தை ஒன்றரைச் சென்ரிமீற்றர் மடித்து ஒட்டுங்கள்.

நேராகப் பறக்க, புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்துக்கு (காற்றின் தள்ளல் மொத்தமாக விழுவதாகக் கொள்ளும் புள்ளி) முன்னால் ஒரு போத்தல் விட்டமாவது, அதாவது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், இருக்க வேண்டும். அமுக்க மையத்தைக் காண, ரொக்கெட்டின் பக்கத் தோற்றத்தைக் காட்போட்டில் வெட்டி அடிமட்டத்தின் விளிம்பில் நிறுத்துங்கள். சமநிலையாக நிற்கும் கோடு கிட்டத்தட்ட அதுதான். புவியீர்ப்பு மையத்தை, தண்ணீர் இல்லாத ரொக்கெட்டை நூலில் தொங்கவிட்டுக் காணலாம். போதாவிட்டால் மூக்கில் 50 கிராம் களிமண் வைத்துப் பாருங்கள்.

உயரத்துக்குப் பாகைமானியில் உறிஞ்சுகுழாய் ஒட்டி, நூலில் ஒரு நட் கட்டித் தொங்கவிட்ட கருவி போதும். ஏவுதளத்திலிருந்து சரியாக 30 மீற்றரில், காற்று வீசும் கோட்டுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ரொக்கெட் காற்றோடு ஒதுங்கினாலும் அப்போது பிழை குறைவு. உச்சியில் ரொக்கெட்டைப் பார்க்கும் கோணம் (கிடைமட்டத்திலிருந்து) 30° என்றால் உயரம் 17 மீற்றர், 40° 25, 45° 30, 50° 36, 55° 43, 60° 52. பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதைச் சரிபார்க்க, ஏவியதிலிருந்து விழும்வரை செக்கனை எடுத்து, அதன் வர்க்கத்தை 1.23ஆல் பெருக்குங்கள். இரண்டும் பத்து மீற்றர் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒன்று பிழை.

தண்ணீர் முழுவதும் பத்தில் ஒரு செக்கனுக்குள் வெளியேறிவிடும். சாதாரண வீடியோவில் அது இரண்டு மூன்று படங்களுக்குள் முடிந்துவிடும். மெதுவோட்ட வீடியோ எடுத்தால்தான் கழுத்திலிருந்து வெள்ளைத் தூணாக நீர் இறங்குவதும், கடைசியில் காற்று புகையாக விரிவதும் தெரியும். பிள்ளைகளுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

குளக்கட்டு:
இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கட மண்ணில் கண்ணிவெடி இன்னும் கிடக்கலாம், அதனால் அதுதான் முதல் விசயம். வருசாவருசம் உழுது விதைக்கிற வயலில் மட்டும் ஏவுங்கள். காலபோக வெட்டு முடிந்த மாசி, பங்குனி நல்ல காலம். காட்டோரம், பழைய மண் அணை, பதுங்குகுழி இருந்த இடம், மண்டையோட்டுப் பலகை கண்ட திசை எதுவும் வேண்டாம். ரொக்கெட் பற்றைக்குள் விழுந்தால் அது போனதுதான், தேடிப் போகக்கூடாது. இன்னொரு போத்தல் கிடைக்கும். இரும்பாக எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் பொலிஸின் 119க்கு எடுக்கட்டும். இந்த விதிகள் எல்லாம் குழுவின் விபரப் பகுதியில் எப்போதும் நிற்கவேண்டும்.

கிராம அலுவலருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் முன்னமே சொல்லுங்கள். போத்தல் வெடித்தால் துவக்குச் சத்தம் போலக் கேட்கும், வயதானவர்கள் பதறிப் போவார்கள். சோளகம் (தென்மேல் காற்று) தொடங்கினால் காலை 9 மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மின்கம்பியும் பனை வடலியும் 100 மீற்றருக்குள் இல்லாத இடம் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்_அக்கா:
குழு நடத்துவது பற்றி. வட்ஸ்அப்புக்கு 13 வயது வேண்டும், உங்கட பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது இல்லை. அதோடு குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அம்மா அல்லது அப்பாவின் தொலைபேசியிலேயே சேருங்கள். பொறுப்பாக இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும், எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. முகம், பாடசாலைச் சின்னம், வீட்டு வாசல் தெரியிற படம் வேண்டாம். ரொக்கெட்டும் கையும் தெரிந்தால் போதும். சிறுவர் உதவி இலக்கம் 1929ஐப் பெற்றோருக்குக் கொடுத்து வையுங்கள். வீடியோ 15 செக்கனுக்கு மேல் வேண்டாம், டேட்டா தாங்காது.

தூங்கிப் போகாமல் இருக்க ஒரே வழி, ஒரு ஊரின் எண் இல்லாமல் மற்ற ஊரின் வரைபு முடியாதபடி வேலையைப் பிரிப்பது. முதல் கிழமை எல்லாரும் ஒரே மாதிரி: 500 மில்லிலீற்றர், 40 பிஎஸ்ஐ. அடுத்த கிழமை தண்ணீர் மட்டும் மாறும். மல்லாவி 300, துணுக்காய் 400, ஒட்டுசுட்டான் 600, விசுவமடு 750. ஒவ்வொரு ஊரும் பழைய 500ஐயும் ஒருக்கா ஏவிக் காட்ட வேண்டும், ஏவுதளங்களுக்கு இடையிலான வித்தியாசம் அதில் பிடிபடும். பிறகு எல்லாப் பிள்ளைகளும் வரைபுத் தாளில் ஐந்து புள்ளியையும் குறித்து அனுப்பட்டும். எந்த அளவில் உயரம் கூடியது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திச் சொல்லிவிடாதேங்கோ.

செய்தி இப்படி ஒரே வரியாக வரட்டும்: துணுக்காய், வெறும் திணிவு 142 கிராம், நீர் 500, அமுக்கம் 40, கோணம் 48°, நேரம் 5.1 செக்கன். எண் இல்லாமல் "சுப்பராப் போச்சு" என்று வந்தால், எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மல்லாவி_விஞ்ஞானம்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அமுக்கம் ஏற்றின பிறகு கயிறு இழுத்தும் போத்தல் கழராவிட்டால் என்ன செய்வது?

கம்மாலை_புதுக்குடியிருப்பு:
ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது. பம்மைக் கழட்டி, தூர நுனியில வால்வு ஊசியை அமத்திக் காத்து முழுக்க இறக்குங்கோ. காத்துச் சத்தம் முழுக்க நிண்டு ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் பெரியாள் ஒருத்தர் போகலாம். அநேகமாகக் கேபிள் ரை ஒண்டு திரும்பி வளையத்தில சிக்கியிருக்கும், அல்லது ஓ-ரிங் காய்ஞ்சு இறுகியிருக்கும். ஒவ்வொரு ஏவலுக்கு முன்னமும் ஓ-ரிங்கில ஒரு சொட்டுத் தண்ணி தடவுங்கோ.