புதுப்பிப்பு: காப்பிரைட் புகார்ல தூக்கின என் வீடியோ திரும்ப வந்துடுச்சு

நானே எடுத்த வீடியோவ யாரோ அவங்களோடதுன்னு புகார் குடுத்து தூக்க வச்சுட்டாங்கன்னு போன மாசம் எழுதியிருந்தேன்ல, அது நேத்து திரும்ப வந்துடுச்சு. விசாரிச்ச எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நான் பண்ணது, டிஎம்சிஏங்கற அமெரிக்காவோட 1998 காப்பிரைட் சட்டப்படி, தப்பா தூக்கிட்டீங்கன்னு வீடியோ தளத்துக்கு ஒரு எதிர் நோட்டீஸ் அனுப்பினேன், அதுக்கப்புறம் புகார் குடுத்தவங்க கோர்ட்டுக்குப் போகலைன்னா 10லேருந்து 14 வேலை நாளுக்குள்ள தளம் வீடியோவ திரும்பப் போடணும், அவங்க போகல, அவ்ளோதான்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், இதுதான் என்னைத் தூங்க விடல. அந்த நோட்டீஸ்ல உண்மையான பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் குடுத்தாகணும், அதோட காப்பி புகார் குடுத்தவங்க கைக்கே போகுது. அதாவது பொய்ப் புகார் குடுத்தவனுக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னு நாமளே எழுதிக் குடுக்கறோம்! புனைபேர்ல எழுதுறவங்க, ஏற்கனவே மிரட்டல்ல இருக்கறவங்க எல்லாம் எப்படி எதிர்த்து நிப்பாங்க, பயந்து விட்டுடத்தான செய்வாங்க? தெரிஞ்சே பொய் சொன்னா நஷ்டஈடு கேக்கலாம்னு அதே சட்டத்துல 512(எஃப்) பிரிவு இருக்கு, ஆனா தெரிஞ்சேதான் செஞ்சாங்கன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலையிலதான் விழுது.

அட்ரஸ் போனது போனதுதான், அதை மட்டும் திரும்ப வாங்கவே முடியாது.