ரத்தத்தில் டிபி ஐஜிஜி பாசிட்டிவ், சளியில் நெகட்டிவ்: எதை நம்புவது?

தாக்கேத்தா தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். இப்போது டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தோம், கிருமி இல்லை என்றார்கள். மனசு கேட்காமல் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தோம். டிபி ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். "மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை இதையே எடுங்க, நம்பர் இறங்கினா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்" என்கிறார் அங்கே இருந்தவர். ஒரு டெஸ்டுக்கு ஆகும் காசு அண்ணனின் ஒரு வாரக் கூலி. என்ன செய்யலாம்? வீட்டில் அண்ணன் மகன் இருக்கிறான், மூன்று வயது. அதுதான் பயம்.

மௌல்மீன்காரன்:
தம்பி, எங்கள் சித்தப்பாவுக்கு 2009இல் சென்னையில் வைத்து இதே டெஸ்ட் எடுத்தார்கள். பாசிட்டிவ் என்று டிபி மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் அது டிபியே இல்லை, நுரையீரலில் வேறு வியாதி. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்துவிடாதீர்கள். லேப் அக்கா வந்து விவரம் சொல்வார்.

லேப் அக்கா, யாங்கோன்:
தம்பி, நான் சளி பார்க்கும் லேபில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள். மருந்து ஆரம்பிக்கவும் அது உதவாது, நிறுத்தவும் உதவாது.

அந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய புரதத்தைத்தான் தேடுகிறது. ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை அந்தப் புரதத்தில் இரண்டு வகை. டிபி அதிகமுள்ள நம் ஊரில் கிருமி உள்ளே போயும் நோய் வராமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்கும் பாசிட்டிவ் வரும். உங்கள் அப்பாவோ ஏற்கெனவே நோய் கண்டவர். அடைத்த கடனும் செட்டியார் பேரேட்டில் எழுதித்தான் இருக்கும், ஐஜிஜி அப்படி. மறுபக்கம், எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் சரியாக ஊறாமல், நோய் முற்றியிருந்தும் நெகட்டிவ் வரலாம்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளை அலசிவிட்டு, 2011 ஜூலையில், டிபி கண்டுபிடிக்க இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யவே கூடாது என்றது. டிபி விஷயத்தில் புழக்கத்தில் இருக்கும் ஒன்றை அவர்கள் அப்படி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. 2012 ஜூனில் இந்தியா தடை போட்டது. அதற்கு முன் அங்கே வருஷத்துக்கு 15 லட்சம் டெஸ்ட் நடந்ததாக ஒரு மதிப்பீடு. அந்த டெஸ்ட் கிட்டுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செய்தவை. தங்கள் ஊரில் யாரும் பரிந்துரைக்காததை நம் தலையில் கட்டினார்கள், எனக்குக் கோபம் அங்கேதான்.

நம்பர் இறங்கும் கதையும் அப்படியே. மருந்து ஆரம்பித்துக் கிருமி சாகும்போது எதிர்ப்புப் புரதம் ஏறவும் செய்யலாம். குணமான பிறகும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இருக்கலாம். இறங்கவில்லையே என்று நல்ல மருந்தை ஒருவர் நிறுத்தினால் என்ன ஆகும்?

இப்போது சளிக்கு வருகிறேன். ஒரு தடவை நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று ஆகாது. மைக்ராஸ்கோப்பில் தென்பட ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி பறக்கச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, நீலம் ஊற்றிப் பார்ப்போம். நீலத் தரையில் சிவப்பாகக் குட்டிக் குச்சிகள். நூறு இடம் தேடியும் ஒன்றுகூட இல்லையென்றால்தான் நெகட்டிவ் எழுதுவோம். ஆனால் டப்பாவில் வருவது பாதி நேரம் எச்சில்! தண்ணீர் மாதிரி தெளிவாக, மேலே நுரை மிதக்கும். அதில் கிருமியை எங்கே போய்த் தேடுவது?

அப்பாவிடம் சொல்லுங்கள்: விடியற்காலையில் எழுந்ததும், டீ குடிக்கும் முன்னால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். வெளியே, எதிரில் ஆள் இல்லாத இடத்தில் நின்று, இரண்டு மூன்று தடவை நன்றாக மூச்சை இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு டீஸ்பூன் அளவு வந்தால் போதும். அதை ஜீன்எக்ஸ்பர்ட்டில், அதாவது சளியில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் மெஷினில், போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மில்லியில் நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். இரண்டு மணி நேரத்தில், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதும் தெரிந்துவிடும். இரண்டாம் முறை நோய் வந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

மருந்து கேட்கிறதா என்று பார்க்க இரண்டாம் மாத முடிவிலும், அப்புறம் ஐந்தாம், ஆறாம் மாதத்திலும் மைக்ராஸ்கோப்பில் சளி பார்ப்பார்கள். அதற்கு ஜீன்எக்ஸ்பர்ட் வேண்டாம், செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டும். மாதாமாதம் எடை போடுங்கள்.

பெகு பாய்:
அக்கா, என் மகனுக்கு வெளிநாட்டு வேலைக்காக டிபிக்கென்றே ரத்தம் எடுத்தார்களே, குவாண்டிஃபெரான் என்று. அதுவும் பொய்யா?

லேப் அக்கா, யாங்கோன்:
இல்லை பாய், அது வேறு. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்கு டிபி புரதத்தைக் காட்டி, அவை இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறதா என்று பார்ப்பது. கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா, மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாது.

தாக்கேத்தா தம்பி:
நன்றி அக்கா. நாளைக்கே டப்பா வாங்குகிறேன். அப்போ ரத்தமே எடுக்க வேண்டாமா? குழந்தைக்கு என்ன செய்ய?

லேப் அக்கா, யாங்கோன்:
ரத்தம் எடுங்கள், சர்க்கரைக்கும் எச்ஐவிக்கும். இரண்டுமே டிபியோடு சேர்ந்து வரக்கூடியவை. அந்த ஒரு வாரக் கூலியில் அப்பாவுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள். அரசாங்க டிபி திட்டத்தில் மாத்திரை இலவசம்தான். அப்பாவுக்கு உறுதியானால் குழந்தையையும் கூட்டிப் போங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, டிபி வராமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை தாத்தா தனியாகப் படுக்கட்டும், ஜன்னலைச் சாத்த வேண்டாம். பழைய சிகிச்சை அட்டையும் எக்ஸ்ரேயும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், புதிய எக்ஸ்ரேயோடு வைத்துப் பார்க்க டாக்டருக்கு வேண்டும்.