ஊத் வாத்தியத்தில் இரண்டு தந்திகள் கரகரக்கின்றன: விரல்பலகையைச் சீவத்தான் வேண்டுமா?

அஜ்மான்வாசி:
வணக்கம். ஊரில் வீணை கற்றவன். வேலைக்காக இங்கே வந்தபின், அரபு நாடுகளின் மெட்டில்லாத தந்தி வாத்தியமான ஊத் மேல் ஆசை பிறந்து, ஊர் திரும்பிய எகிப்திய நண்பர் ஒருவரிடம் அவருடைய கெய்ரோ ஊத்தை வாங்கினேன். நட்டிலிருந்து (தண்டியின் நுனியில் தந்திகள் படியும் பள்ளக் கட்டை) குதிரை (தந்திகளை மேல்பலகையில் கட்டும் கட்டை) வரை 61 செ.மீ. ஐந்து ஜோடித் தந்திகள், மந்திரத்தில், அதாவது கீழ்ச் சுருதியில், ஒரு ஒற்றைத் தந்தி. மந்திரத்திலிருந்து சி, எஃப், ஏ, டி, ஜி, சி என்று சுருதி சேர்க்கிறேன்.

ஜி ஜோடியை மீட்டினால் நாதத்தோடு சேர்ந்து ‘ஜிர்ர்’ என்று ஒரு இரைச்சல் வருகிறது. மேல் சி ஜோடியிலும் சில ஸ்வரங்களில் அப்படித்தான். கடையில் காட்டினேன். விரல்பலகை முழுவதையும் சீவி மட்டம் செய்ய வேண்டும் என்கிறார்கள். சீவிய மரம் திரும்ப வராதே என்று தயக்கமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பிரடை:
தம்பி, கடைக்குக் கொடுப்பதற்கு முன் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஜி ஜோடியில் ஒவ்வொரு தந்தியாக மீட்டுங்கள். இரண்டும் இரைகிறதா, ஒன்று மட்டுமா? விரல் வைக்காத திறந்த தந்தியில் இரைகிறதா, விரல் வைத்தாலும் இரைகிறதா? சி தந்தியில் எந்தெந்த இடத்தில்? போட்டிருக்கும் தந்தி எந்த செட்?

தந்தியை விட்டுவிட்டு மேல்பலகையை விரல் முட்டியால் அங்கங்கே மெதுவாகத் தட்டியும் பாருங்கள். உள்ளே தாங்கு சட்டம் எதுவும் பசை விட்டிருந்தால் அந்த இடத்தில் ஓசை பொத்தென்றோ கிலுகிலுவென்றோ மாறும்.

நாவா:
குதிரையையும் பாருங்கள். தந்தியை முடிந்தபின் மிஞ்சும் வால் மேல்பலகையைத் தொட்டுக்கொண்டு இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், வெட்டிவிட்டால் போயிற்று. துளையில் ஒட்டிய ரோஜா அலங்காரத்தின் ஓரம் விட்டிருந்தாலும் இரையும். ஒரு விரலை அதன் மேல் லேசாக வைத்துக்கொண்டு மீட்டினால் தெரிந்துவிடும்.

அஜ்மான்வாசி:
பார்த்துவிட்டேன். பலகை எங்கே தட்டினாலும் ஒரே ஓசைதான். ரோஜாவும் உறுதியாக இருக்கிறது. வால்களை வெட்டினேன், மாற்றமில்லை.

ஜி ஜோடியில் ஒரு தந்திதான் இரைகிறது, அதுவும் திறந்து மீட்டும்போது மட்டும். எங்கே விரல் வைத்தாலும் சுத்தமாகப் பேசுகிறது. சி ஜோடியில் நேர் எதிர். திறந்தால் சுத்தம், டி, ஈ ஃபிளாட், ஈ மூன்றிலும் இரைகிறது. தண்டி குடத்தோடு சேரும் இடத்தைத் தாண்டினால் சத்தமே இல்லை. பெட்டியில் கிடந்த தந்தி உறையில் துருக்கிச் சுருதி என்று போட்டிருக்கிறது.

பிரடை:
அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் பலகை முழுவதையும் சீவச் சொல்லியிருப்பார்கள்.

முதலில் ஜி. விரல் வைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் குற்றம் நட்டில்தான். நீங்கள் வீணைக்காரர், தம்புராவில் ஜீவா (அந்த ரீங்கார நாதம்) எப்படி வருகிறது என்று தெரியும். குதிரையின் பரந்த மேற்பரப்பில் தந்தி உரசி உரசி விலகுவதற்காகவே நூலை நகர்த்தி வைக்கிறோம். உங்கள் நட்டின் பள்ளத்திலும் அதுவே நடக்கிறது, யாரும் கேட்காமலே. தந்தி நட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய இடம் விரல்பலகைப் பக்கத்து விளிம்பு. அங்கிருந்து பள்ளத்தின் தரை பிரடைப் பெட்டியை (முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதியை) நோக்கிச் சரிய வேண்டும். பின்பக்கம் மேடாக இருந்தால் தந்தி அங்கேயே கிளம்பி, முன் விளிம்பில் உரசும். பள்ளம் அதிகம் ஆழ்ந்து தந்தி பலகையிலேயே பட்டாலும் இரையும்.

மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பள்ளத்தில் தந்திக்கு அடியில் வைத்து மீட்டுங்கள். நின்றால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து சி. விரலுக்கு முன்னால் ஏதோ மேடு தடுக்கிறது. இணைப்பைத் தாண்டியதும் நிற்கிறது. ஊத்தில் தண்டி சேரும் இடம் தந்தி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு நட்டிலிருந்து சுமார் 20 செ.மீ. வருடக்கணக்கில் தந்தி இழுத்து அந்த இணைப்பில் பலகை லேசாக மேடு தட்டுவது சகஜம். ஆனால் அதற்கு முன் தந்தியைச் சந்தேகப்படுங்கள். துருக்கிச் செட்டில் மேல் தந்தி டி-க்குச் செய்தது, நீங்கள் சி-யில் வைத்திருக்கிறீர்கள். ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். துருக்கி ஊத் பெரும்பாலும் 58.5 செ.மீ., உங்களுடையது 61 என்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. ஆனாலும் தொய்வுதான். தொய்ந்த தந்தி அகலமாக ஆடும், சின்ன மேட்டிலும் இடிக்கும்.

சில நிமிடம் மட்டும் டி-க்கு ஏற்றிக் கேளுங்கள். அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேலைத் தந்திகளுக்கு இடையே பலகை மேல் நிமிர்த்தி வைத்து, பின்னால் விளக்கைக் காட்டி, வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

அஜ்மான்வாசி:
காகிதம் வைத்ததும் ஜி கப்பென்று நின்றது! பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது, பின் விளிம்பு உயர்ந்து நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

சி-யை டி-க்கு ஏற்றினால் முதல் இரண்டு இடங்களில் இரைச்சல் இல்லை, மூன்றாவது இடத்தில் மட்டும் லேசாக இருக்கிறது. ஸ்கேல் இணைப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் வெளிச்சம் விடுகிறது.

பிரடை:
நட்டைச் சுற்றிப் பலகையிலும் பிரடைப் பெட்டியிலும் டேப் ஒட்டுங்கள். உடனடிப் பசை நீர் மாதிரி ஓடும், கருங்காலியில் பட்டால் கறை. பள்ளத்தில் எலும்புத் தூளை அடைத்து, ஊசி நுனியால் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். எலும்புத் தூள் இல்லையென்றால் சமையல் சோடாவும் ஆகும், அது சீக்கிரம் தேயும். இறுகியபின் பழைய மந்திரத் தந்தி ஒன்றை, கம்பி சுற்றியதை, ரம்பம் இழுப்பதுபோல் பள்ளத்தில் இழுங்கள். அடி உருண்டையாக வரும். கையைப் பிரடைப் பக்கம் தாழ்த்தியே இழுக்க வேண்டும், முன் விளிம்பில் அவசரம் கூடாது. திறந்த தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். கடைசியில் பென்சில் கரியைத் தடவிவிடுங்கள்.

மேல் தந்திக்கு அரபுச் சுருதிக்கான செட் வாங்குங்கள். அதன் பிறகும் மிஞ்சுவதுதான் பலகையின் வேலை.

நாவா:
ஏசி அறையில் வாத்தியத்தைத் திறந்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். மரம் வறண்டு இறங்கியிருக்கும் நாளில் சீவிவிட்டால், ஈரம் ஏறியதும் மட்டம் மாறிவிடும்.

அஜ்மான்வாசி:
ஜி இப்போது ஜோடியோடு ஒன்றாகப் பேசுகிறது, மிக்க நன்றி. புதுச் செட்டும் போட்டாயிற்று. சி-யில் ஈ மட்டும், அதுவும் ரிஷாவை (மீட்டும் கோலை) அழுத்தி அடித்தால்தான் இரைகிறது. இணைப்பில் தந்தி உயரம் 3 மி.மீ. இதற்குச் சீவலாமா?

பிரடை:
3 மி.மீ. நல்ல உயரம்தான், குதிரையில் எதுவும் செய்ய வேண்டாம். மிஞ்சியது இணைப்பு மேடு மட்டும். அதை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். தாள் வளைந்து கொடுக்கும், மேட்டோடு பக்கத்துப் பள்ளத்தையும் தின்னும். தட்டைச் சுரண்டு தகடு பிடித்துப் பழகிய கை வேண்டும்.

அபுதாபியில் பைத் அல் ஊத் பள்ளியில் ஊத் செய்யும் பட்டறை உண்டு, அங்கே விசாரியுங்கள். யாரிடம் கொடுத்தாலும் தண்டியே மேலே வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் சீவிப் பயனில்லை, இணைப்பைத் திறந்து ஒட்ட வேண்டியிருக்கும். வளையவில்லை என்றால், சாக்பீஸ் தடவிய ஸ்கேலை வைத்து இழுத்து, வெள்ளை ஒட்டும் இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நட்டுப் பக்கத்துப் பலகையில் தகடே படக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.