பழைய மேனுவல் காரா, மின்சாரக் காரா? பினாங்கில் எது பொருந்தும்?

ஆயர் ஈத்தாம் வாசி (கேள்வி):

வணக்கம். நான் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். இப்போதுள்ள காரை விற்றுவிட்டு, மேனுவல் கியர் உள்ள பழைய 1.3 லிட்டர் பெரோடுவா மைவி ஒன்றை ரொக்கமாக வாங்குவதா, கடன் போட்டு ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மின்சாரக் காரை எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு நாட்களில் துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவ் போய், தெலுக் பாஹாங் பக்கமாகச் சுற்றி வருவது எனக்குப் பிடிக்கும். அந்த வளைவுகளில் கியர் மாற்றி ஓட்டும் சுகத்தை விட மனம் வரவில்லை. வீட்டிலோ, பாயா தெருபோங் நெரிசலில் தினமும் கிளட்ச் மிதிக்கப் போவது நீங்கள்தானே என்கிறார்கள். மகளுக்கும் லைசென்ஸ் எடுக்கும் வயது நெருங்கிவிட்டது. குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் பொருத்த நிர்வாகக் குழு இன்னும் சம்மதிக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் கருத்துக் கூறினால் உதவியாக இருக்கும்.

செந்தூல் மேனுவல் பித்தன்:

வணக்கம் ஐயா. நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கேட்டால் பாதி விடை அங்கேயே வந்துவிட்டது. மின்சாரக் காரின் சிக்கனம் முழுவதும் இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்வதில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.15 கிலோவாட் மணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக் கட்டணத்தில் அது ஏழெட்டு காசில் முடிந்துவிடும். அதையே ஒரு கிலோவாட் மணிக்கு ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கும் பொது டிசி (அதிவேக) சார்ஜரில் ஏற்றினால் பதினைந்து காசைத் தாண்டிவிடும். லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தரும் மேனுவல் மைவிக்கு, 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில், ஏறக்குறைய அதே செலவுதான் ஆகிறது. கடன் தவணையையும் சேர்த்துப் பார்த்தால், சொந்த சார்ஜர் இல்லாதவருக்கு மின்சாரக் காரால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

ஓட்டும் சுகத்தைப் பற்றிச் சொல்வதென்றால், நேர்ச்சாலையில் மின்சாரக் காரோடு போட்டி போட முடியாது என்பதை மேனுவல் பிரியர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மிதித்த கணத்திலேயே முழு இழுவிசையும் வந்துவிடுகிறது. ஆனால் துன் சார்டோன் சாலை நேர்ச்சாலை இல்லையே. பழைய மைவியின் எடை ஒரு டன்னைக்கூட எட்டாது. பிஒய்டி அட்டோ 3 போன்ற மின்சார வண்டி 1,700 கிலோவை ஒட்டி இருக்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வலது காலால் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி எஞ்சின் சுழற்சியை ஏற்றிவிட்டு, கிளட்சை விட்டதும் வண்டி குலுங்காமல் இழுத்துக்கொண்டு திரும்புகிறதே, அதற்கு 80 குதிரைத்திறன் கொண்ட வண்டியே தாராளம். வேகம் வேறு, ஓட்டுவது வேறு என்பது என் கட்சி.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்போடு மைவியில் மேனுவலையே நிறுத்திவிட்டார்கள். இனி நல்ல மேனுவல் மைவி வேண்டுமென்றால் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டும், அங்கேயும் ஒழுங்காகப் பராமரித்தவை குறைந்துகொண்டே வருகின்றன. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ என்ற மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரின் கதை தெரியும் அல்லவா? ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது. இப்போது சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ வேடம் போட்டு விற்பவர்கள்கூட இருக்கிறார்கள். யாராவது அப்படி ஒன்றைக் காட்டினால், கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) எஞ்சின் கொள்ளளவு 1,834 சிசி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மகளை டிஏ உரிமம் எடுக்க விடாதீர்கள். டி உரிமம் இருந்தால் மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டு வகையும் ஓட்டலாம். டிஏ எடுத்தால் ஆட்டோமேட்டிக் காரோடு சரி. வீட்டில் மேனுவல் இருந்தால் பழகுவதற்கும் வசதி.

பட்டர்வொர்த் மின்வண்டிக்காரர்:

செந்தூல் அண்ணன் போட்ட செலவுக் கணக்கு சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் தரைவீட்டில் இருப்பதால் என் கதை வேறு. ஆனால் மலைச்சாலையில் மின்சாரக் காருக்குச் சுவையே இல்லை என்பதுபோல் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது அடிவாரத்தில் மற்ற வண்டிகளின் பிரேக் தீய்ந்த வாடை மூக்கைத் துளைக்கும். என் வண்டியில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: மலை உச்சியில் நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரி திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளாது. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, பிரேக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்ட ஐயாவுக்கு: முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. வரி திரும்பிவிட்டதால் பழைய மின்சாரக் காரின் விலை நிலைத்து நிற்கலாம். இங்கேயே பொருத்தப்படும் மலிவான புதிய வண்டிகள் பெருகினால் சரியவும் செய்யலாம். எடுப்பதானால் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைச் சேவை மையத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள், பேட்டரி உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாயா தெருபோங் நெரிசலில் கிளட்ச் மிதித்து உங்கள் இடது முழங்கால் படப்போகும் பாட்டை நினைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பட்டறை ஆள், ஜெலுத்தோங்:

மைவி பார்க்கப் போகிறீர்கள் என்றால், உரிமையாளரிடம் வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். கரகரவென்று பல் உரசும் சத்தம் கேட்டால் கியர்ப் பெட்டியில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைப் பொருத்தும் வளையம்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளின் உதிரிபாகக் கடையில்) வேறு பெட்டி தேட வேண்டிவரும். பிறகு ஏற்றத்தில் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது முழுவதுமாக மிதியுங்கள். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது; அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருந்தால் காலையில் எழுப்பும்போது சில நொடிகள் சலசலக்கும். மேலே சொன்னதுபோல் குளிர்ந்த எஞ்சினைப் போய்ப் பார்த்தால்தான் அதுவும் காதில் விழும்.

ஆயர் ஈத்தாம் வாசி:

மூவருக்கும் நன்றி. சார்ஜர் விஷயத்தை அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுப்பவிருக்கிறேன். அதுவரை மைவியைத் தேடுகிறேன். நல்லது கிடைத்தால், வாங்குமுன் ஜெலுத்தோங் பட்டறைக்கு ஒருமுறை கொண்டுவரலாமா?